பழைய கேரவன்: முன் மூலையில் சட்டம் இற்றுப்போயிருக்கிறது, எதிலிருந்து ஆரம்பிப்பது?

சன்னலோரம்:

வணக்கம். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற ரகத்தில் ஒரு பழைய கேரவன், 1980-களில் செய்தது, இப்போது என் கையில் இருக்கிறது. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம், சட்டங்களுக்கு நடுவில் தெர்மோகோல், உட்புறம் தாள் ஒட்டிய 3 மி.மீ. பிளைவுட். வாங்கியபோதே முன்பக்க இடது மூலையில், ஜன்னலுக்குக் கீழே, தாள் கொஞ்சம் உப்பியிருந்ததைப் பார்த்தேன், பழசு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் பலகை அப்படியே உள்வாங்கியது, விரலை எடுத்த பிறகும் குழி மேலே வரவில்லை.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் இருக்கைப் பெட்டியைக் கழற்றிவிட்டு பலகையைப் பிரித்தேன். ஊறிய அட்டை மாதிரி அடுக்கடுக்காகக் கையோடு வந்துவிட்டது. மூலைச்சட்டம் முழங்கால் உயரம் வரை கறுத்திருக்கிறது, அடியில் தரையோடு ஓடுகிற சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை இறங்குகிறது. தரையும் மூலையிலிருந்து சுமார் 40 செ.மீ. வரை மெத்தென்று இருக்கிறது. தெர்மோகோலை எடுத்தால் அதன் முதுகில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது.

எவ்வளவு தூரம் பிரிக்க வேண்டும்? மரத்தை இறுக வைக்கும் திரவம் என்று ஒன்று விற்கிறார்களே, அதை ஊற்றினால் போதுமா? ஜன்னலைச் சுற்றி சிலிக்கான் அடித்துவிட்டால் கசிவு நிற்குமா? அலமாரி செய்கிற அளவுக்குத் தச்சுவேலை தெரியும். வண்டியைக் கைவிட மனசே வரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.


தாழ்வாரம்:

நண்பரே, மரத்தில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் புதுச்சட்டம் வைத்தால் அதுவும் இற்றுப்போகும். நான் ஒரே மூலையை இரண்டு தடவை செய்தவன். முதல் தடவை ஜன்னல் ரப்பர்தான் காரணம் என்று முடிவு கட்டி அதை மாற்றி, சட்டம் வைத்து, பலகை அடித்து, தாளும் ஒட்டி முடித்தேன். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே வாடை. உண்மையில் தண்ணீர் நுழைந்தது ஜன்னலுக்கு ஒரு மீட்டர் மேலே.

இந்த வகை வண்டியில் கூரைத் தகடும் பக்கத் தகடும் சந்திக்கிற விளிம்பில் ஒரு அலுமினியப் பட்டை ஓடும், கூடாரத் துணியைக் கோப்பதற்கும் அதுதான், ஆவ்னிங் ரெயில் என்பார்கள். அதன் நடுவில் பிளாஸ்டிக் நாடா ஒன்று செருகியிருக்கும். அதை உருவினால் வரிசையாக ஸ்க்ரூக்கள் தெரியும். ஒவ்வொரு ஸ்க்ரூவும் தகட்டைத் துளைத்துக்கொண்டு மரச்சட்டத்துக்குள் போகிறது, அதாவது ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு வழி. அடியில் இருக்கும் மாஸ்டிக் பிசின் மெத்தென்று இருக்கும்வரைதான் அந்த வழி அடைபட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு அது காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர ஆரம்பித்தால், ஸ்க்ரூ துருப்பிடிக்கும், நீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். தகட்டுக்கும் தெர்மோகோலுக்கும் இடையில் அதைத் தடுக்க எதுவும் கிடையாது. கீழே போய் அடிச்சட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் பார்க்கிற இடம் தண்ணீர் தேங்குகிற இடம், நுழைகிற இடம் வேறு.

கண்டுபிடிக்க: உள்பக்கம் இப்போது திறந்திருப்பது உங்களுக்கு வசதி. ஓரளவு காய்ந்த பிறகு ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்கட்டும், இன்னொருவர் வெளியே தோட்டத்துக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கீழிருந்து மேலே போக வேண்டும், இது முக்கியம். மேலிருந்து விட்டால் எல்லா இடமும் நனைந்து எது காரணம் என்றே தெரியாது. முதலில் அடி விளிம்பு, அங்கே பத்து நிமிடம். அப்புறம் விளக்கு, கைப்பிடி, ஜன்னல், கடைசியாகக் கூரை விளிம்பு. உயர் அழுத்தப் பீய்ச்சுக் குழாயை எடுக்கவே வேண்டாம், நல்ல மூட்டுக்குள்ளும் அது தண்ணீரைத் தள்ளிவிடும். இன்னொரு முறையும் உண்டு: எல்லாத் திறப்புகளையும் மூடி, ஊதும் விசிறியால் உள்ளே கொஞ்சம் காற்றழுத்தம் ஏற்றிவிட்டு, வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கிளம்பும்.

கேரவனின் மூக்கில் இருக்கும் சின்ன எல்லை விளக்குகளையும், தள்ளுவதற்கான கைப்பிடிகளையும் கழற்றிப் பாருங்கள். நான்கு ஸ்க்ரூ உள்ள ஒரு கைப்பிடி ஒரு மூலையையே தின்றுவிடும், பார்த்திருக்கிறேன்.


இழைப்புளி:

மரவேலை எனக்குத் தொழில். இந்த மாதிரி வண்டிகள் நாலைந்துக்குச் சட்டம் மாற்றியிருக்கிறேன், அதனால் மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த இறுக்கும் திரவம் காய்ந்த மரத்தில்தான் இறங்கும். ஈரமான மரத்தில் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கெட்டியாகி உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். காய்ந்த பிறகும், சுற்றிலும் நல்ல மரம் இருக்கிற சின்னப் பள்ளத்துக்கு அது சரி. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை இறங்குகிற அடிச்சட்டத்துக்கு அது மருந்து இல்லை. மூலைச்சட்டமும் அடிச்சட்டமும் சுமை தாங்குகிறவை, அவற்றை வெட்டி மாற்றித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு வெட்டுவது என்று கேட்டால், கறுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். கறுத்த மரமெல்லாம் கெட்ட மரம் இல்லை, சில இடத்தில் வெறும் கறைதான். குத்தூசியை நாருக்குக் குறுக்கே குத்தி நெம்புங்கள். நீளமாகச் சிலும்பு கிளம்பி, பட்டென்று சத்தத்தோடு ஒடிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. சத்தமே இல்லாமல் சின்னத் துண்டாக நொறுங்கினால் போய்விட்டது. அப்படி நல்ல மரம் கிடைக்கிற இடத்திலிருந்து இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள்.

தொழிற்சாலையில் இந்தச் சட்டங்களை முனையோடு முனை வைத்து ஸ்டேப்பிள் அடித்து விட்டிருப்பார்கள். தகடு, சட்டம், பலகை மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே பெட்டியாக நிற்பதால்தான் அந்த மெல்லிய சட்டம் பாரம் தாங்குகிறது. உட்பலகையைப் பிரித்துவிட்டீர்கள், இப்போது அந்த மூலைக்குப் பலம் பாதிகூட இருக்காது. அதனால் எதையும் வெட்டுவதற்கு முன்னால் கூரைக்குக் கீழே ஒரு முட்டுக்கட்டை கொடுங்கள், தரை மேல் ஒரு பலகை, கூரைச்சட்டத்துக்குக் கீழே ஒரு பலகை, நடுவில் கம்பு. கூரை 5 மி.மீ. இறங்கினால்கூட ஜன்னல் பிறகு சரியாக உட்காராது. ஒரு நேரத்தில் ஒரு சட்டம்தான், இரண்டு பக்கமும் சேர்த்துப் பிரிக்கக் கூடாது.

பழைய துண்டுகளை, எவ்வளவு உளுத்திருந்தாலும், தூக்கி எறியாதீர்கள். அளவும் வளைவும் அவற்றிலிருந்துதான் கிடைக்கும். புதுச்சட்டத்தைப் பழையதோடு சேர்க்கும்போது பாதிக்குப் பாதி சீவி ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, நீர் தாங்கும் பாலியூரித்தேன் பசை போட்டு ஸ்க்ரூ கொடுங்கள். சீவ இடமில்லை என்றால் பக்கத்தில் ஒரு துணைச்சட்டத்தை அணைத்து ஒட்டலாம், பார்வைக்கு அழகாக இருக்காது, பலத்தில் குறை இல்லை.

மரம் நேரான நார் உள்ள, முடிச்சு இல்லாத, நன்றாகக் காய்ந்த ஊசியிலை மரமாக இருக்கட்டும். கனமான மரம் வைத்தால் பலம் என்று சிலர் தேக்கு வரைக்கும் போகிறார்கள். இழுத்துப் போகிற வண்டி, ஒவ்வொரு கிலோவும் கணக்கு. இன்னொன்று, செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய பச்சை நிற மரத்தை அலுமினியத் தகட்டோடு ஒட்டி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் செம்பு அலுமினியத்தை அரிக்கும். பூஞ்சைக்குப் பயந்தால் போரேட் கரைசல் தடவலாம், ஆனால் அது தண்ணீரில் கரைந்து போகிற பொருள், கசிவு நிற்காமல் அதை நம்பிப் பயனில்லை.


நாலுசக்கரம்:

சிலிக்கானைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் வண்டியில் ஜன்னல் ஓரமெல்லாம் சிலிக்கான்தான், மூன்று வருடமாக ஒரு சொட்டுகூட வரவில்லை. நல்லதாகப் பார்த்து வாங்கி அடித்தால் போதும், பட்டை முழுக்கக் கழற்றுவது பெரிய வேலை, ஒரு ஸ்க்ரூ முறிந்தால் அது தனித் தலைவலி.


தாழ்வாரம்:

நாலுசக்கரம் அண்ணே, உங்கள் வண்டியில் நின்றது நல்லதுதான், ஆனால் இவருக்கு அந்த யோசனை வேண்டாம் என்பேன். வெளி விளிம்பில் கோடு இழுத்தால் தண்ணீர் வருகிற ஒரு வழி மூடும். வேறொரு ஸ்க்ரூ வழியாக ஏற்கெனவே உள்ளே வந்த நீர் வெளியேறவும் வழி இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், சிலிக்கான் ஒட்டிய இடத்தில் பிறகு வேறு எதுவும் பிடிக்காது, பெயிண்ட் பிடிக்காது, மாஸ்டிக் பிடிக்காது, புதுச் சிலிக்கானே சரியாகப் பிடிக்காது. புளிப்பு வாடை அடிக்கிற ரகம் உலோகத்தையும் அரிக்கும். பின்னால் ஒருவர் முறையாகச் செய்ய வந்தால் அந்தப் படலத்தைச் சுரண்டியே பொழுது போய்விடும்.

பட்டைக்கு அடியில் இறுகாத பியூட்டில் டேப், அதுதான் வழி. அது காயாமல் மெத்தென்று இருப்பதால் வண்டி ஓடும்போது தகடு அசைந்தாலும் கூடவே அசைந்து கொடுக்கும். சிக்காஃப்ளெக்ஸ் மாதிரி பாலியூரித்தேன் பசைகள் ஒட்டுவதற்கு அருமையானவை, ஆனால் இன்னொரு நாள் கழற்ற வேண்டிய பட்டைக்கு அடியில் போட்டால் கழற்றும்போது தகடே வளைந்து வரும்.


சன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே வேலைதான். குழாய் வைத்துப் பார்த்தேன், கீழிருந்து மேலே. ஜன்னல் வரை ஒன்றுமில்லை. கைப்பிடி, விளக்கு, ஒன்றுமில்லை. கூரை விளிம்புக்குப் போய் ஏழெட்டு நிமிடத்தில் உள்ளே இருந்த தம்பி கத்தினான், தகட்டின் உள்பக்கம் நெடுக ஒரு கோடு மினுங்கிக்கொண்டு இறங்குகிறது என்று.

பிளாஸ்டிக் நாடாவை உருவிப் பட்டையைக் கழற்றினேன். மூலையிலிருந்து முதல் ஏழு ஸ்க்ரூக்களில் நான்கு திருகவே வேண்டியிருக்கவில்லை, விரலால் பிடித்து இழுத்தாலே வந்துவிட்டன. ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தலை பளபளவென்று இருக்கிறது, கழுத்துக்குக் கீழே துரு தின்று குண்டூசி அளவுக்கு இளைத்துப்போய், மரை இருந்த இடத்தில் கறுப்பு மரத்தூள் அப்பிக்கொண்டிருக்கிறது. துளைக்குள் எட்டிப் பார்த்தால் மரம் ஈரத்தில் மின்னுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பட்டையில் ஒரு குறையும் தெரியவில்லை, அதுதான் என்னால் நம்ப முடியவில்லை.

மேல்சட்டமும் சுமார் 60 செ.மீ. போய்விட்டது. இப்போது காய வைப்பதில் சந்தேகம். ஈரமானி வாங்கினேன், இரண்டு ஊசி உள்ளது, அடிச்சட்டத்தில் குத்தினால் அளவையின் உச்சியில் போய் நிற்கிறது, ஒரு மீட்டர் தள்ளி 22 காட்டுகிறது, எதிர்ப்பக்கச் சுவரில் 13. எது வரை இறங்கினால் மூடலாம்? உள்ளே கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துச் சூடேற்றினால் சீக்கிரம் காயுமா?


ஈரமானி:

கேஸ் அடுப்பு வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ தண்ணீர் நீராவியாக வெளியே வரும். அது அவ்வளவும் உங்கள் மரத்தின் மேல்தான் போய்ப் படியும். மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு வேறு, வாடையே தெரியாமல் ஆளைக் கொல்லும். மின்சார ஹீட்டரை மிதமான சூட்டில் வைத்து, கூடவே டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற கருவி, ஓடட்டும். அது ஓடும்போது ஜன்னலையெல்லாம் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊரிலுள்ள காற்றையெல்லாம் உலர்த்திக்கொண்டிருக்கும். குளிர்ந்த இடம் என்றால் குளிர்சுருள் வைத்த ரகம் சரியாக வேலை செய்யாது, ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த ரகம்தான் நல்லது. வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள்.

மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுக வைக்கும் பூஞ்சை வளராது. ஆனால் 19-ல் மூடிவிடாதீர்கள். உங்கள் வண்டியிலேயே நல்ல சுவர் 13 காட்டுகிறது, அதுதான் உங்களுக்கு இலக்கு, 15-க்குக் கீழே வந்து ஒரு வாரம் அசையாமல் நிற்கட்டும். இந்த மானி இரண்டு ஊசிக்கு நடுவில் மின்தடையைத்தான் அளக்கிறது, அதனால் உப்பு, உலோகத்தாள், வெப்பநிலை எல்லாம் எண்ணைக் கொஞ்சம் மாற்றும். உச்சியில் நிற்கிற எண்ணுக்கு அர்த்தம் கிடையாது, நனைந்திருக்கிறது என்பதைத் தவிர. ஒரே இடங்களில் பென்சிலால் குறி போட்டு, தேதி போட்டு, நாலு நாளைக்கு ஒருமுறை எழுதி வாருங்கள். 22 காட்டுகிற இடத்தில் பலகையைப் பிரித்துவிடுங்கள், மனசு கேட்காதுதான், ஆனால் பலகைக்குப் பின்னால் இருக்கிற ஈரம் தானாக வெளியே வராது.

சுவருக்குள் வேலை செய்யும்முன் பேட்டரியைக் கழற்றி, வெளி மின்சார இணைப்பை எடுத்து, கேஸ் சிலிண்டரை மூடுங்கள். சட்டத்தை ஒட்டி ஒயர் போகும், கேஸ் குழாயும் போகலாம். பூஞ்சைத் தூசுக்கு முகக்கவசம் போடுங்கள். வண்டி பழசு என்பதால் அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பின்னால் சாம்பல் நிறத்தில் கெட்டியான பலகை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு உண்டு. பரிசோதித்துத் தெரியும்வரை வெட்டவோ துளைக்கவோ கூடாது.


சன்னலோரம்:

கேஸ் விஷயத்தைக் கேட்டது நல்லதாகப் போயிற்று, இன்று மாலையே பற்ற வைப்பதாக இருந்தேன். 22 காட்டிய இடத்தையும் பிரித்துவிட்டேன், அங்கே சட்டம் நன்றாக இருக்கிறது, குத்தூசியில் சிலும்பு நீளமாக வருகிறது. தரையைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.


இழைப்புளி:

தரையில் இரண்டு விதம் உண்டு, முதலில் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தரை என்பது மேலே ஒரு பிளைவுட், கீழே ஒரு பிளைவுட், நடுவில் தெர்மோகோல் வைத்து ஒட்டியது. பசை மட்டும் விட்டுப்போனால் மிதிக்கும்போது படக் படக்கென்று சத்தம் வரும், அமுங்கி எழும், ஆனால் ஊசி இறங்காது. அதற்கு மேல் பலகையில் மட்டும் 8 மி.மீ. துளைகளை ஒரு சாணுக்கும் குறைவாக, 10 செ.மீ. இடைவெளியில் கட்டம் கட்டமாகப் போட்டு, எபாக்ஸியை, அதாவது இரண்டு பாகம் கலந்தால் இறுகுகிற பிசினை, சிரிஞ்சால் ஏற்றி, பிளாஸ்டிக் தாள் விரித்து மேலே பலகையும் பாரமும் வைத்து ஒரு முழுநாள் விட்டால் இறுகிவிடும். துளையிடும்போது துரப்பண முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அடிப்பலகையைத் துளைத்துவிட்டால் எபாக்ஸி எல்லாம் தரைக்கு வெளியே ஒழுகிப் போகும்.

உங்களுடையது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன், ஊசி இறங்குகிறது என்றால் பிளைவுட்டே மக்கிவிட்டது. அங்கே எபாக்ஸி ஏற்றுவது வீண். வட்ட ரம்பத்தை மேல் பலகையின் தடிமனுக்கு மட்டும் இறக்கி, நல்ல இடம் வரை சதுரமாக வெட்டி எடுங்கள். பல வண்டிகளில் சுவர் தரையின் விளிம்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கும், தகட்டின் அடி விளிம்பு ஸ்க்ரூவும் அந்த விளிம்பில்தான் பிடிக்கும். விளிம்பு போய்விட்டால் சுவரைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதனால் விளிம்பில் பிளைவுட்டோடு நிறுத்தாமல், தெர்மோகோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துவிட்டு நீளமாக ஒரு சட்டத்தை எபாக்ஸியில் பதித்துவிடுங்கள், ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் கிடைக்கும். புதுப் பிளைவுட் நீர் தாங்கும் பசையில் செய்ததாக இருக்கட்டும், வெட்டிய முனைகளுக்கு எபாக்ஸி தடவ மறக்காதீர்கள், பிளைவுட் தண்ணீர் குடிப்பது முனை வழியாகத்தான். ஈரம் முழுசாகப் போகும் முன்னால் அடியில் தார்ப்பூச்சு அடித்துவிடாதீர்கள். தரையில் கேஸ் வெளியேறுவதற்கு விட்டிருக்கும் துளைகளையும் மூடிவிடக் கூடாது, வேலை மும்முரத்தில் நிறையப் பேர் மூடிவிடுகிறார்கள்.


சன்னலோரம்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். அடிச்சட்டம், மூலைச்சட்டம், மேல்சட்டத்தில் 80 செ.மீ., தரையில் ஒரு மூலை, இவ்வளவும் மாற்றியாயிற்று. பழைய சட்டத்தை எடுத்தபோது தகட்டின் உள்பக்கத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இரவில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு வெளியே பளிச்சென்று விளக்கு வைத்துப் பார்த்தேன், ஊசிமுனை அளவில் மூன்று வெளிச்சப் புள்ளிகள், சின்ன நட்சத்திரம் மாதிரி. பொடியைச் சுரண்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உள்பக்கமே சின்ன அலுமினியத் துண்டை பாலியூரித்தேன் பசையில் ஒட்டினேன்.

பட்டையிலிருந்த பழைய பிசினை எடுக்கத்தான் மூன்று மாலைகள் ஆயின, பிளாஸ்டிக் சுரண்டியும் வெள்ளை ஸ்பிரிட்டும் வைத்து. உலோகச் சுரண்டி வைத்தால் தகடு கீறிவிடும் என்று பயம். பியூட்டில் டேப் வைத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகப் பிசினில் தொட்டு இறக்கினேன். மறுநாள் வெயில் ஏறியதும் டேப் இளகி விளிம்பில் பிதுங்கியது, எல்லா ஸ்க்ரூவும் அரைச் சுற்று திரும்பியது. அதற்கடுத்த நாள் இன்னும் கால் சுற்று. பிதுங்கியதை வழித்துவிட்டு புது நாடாவைச் செருகினேன்.

தெர்மோகோல் வைக்கும்போது ஒயர் அதன்மேல் நேரடியாகப் படக் கூடாது, பி.வி.சி. உறை இறுகி வெடித்துவிடும் என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னார், அதனால் ஒயரைக் குழாய்க்குள் விட்டிருக்கிறேன். குழாய் வைத்துத் திரும்பவும் சோதித்தேன், கூரை விளிம்பில் அரை மணி நேரம், ஒரு கோடும் இறங்கவில்லை. அடிச்சட்டத்தில் மானி 14, பத்து நாளாக அப்படியே. பலகையை இன்னும் அடிக்கவில்லை. இன்னொரு பெரிய மழை பெய்யட்டும், அதையும் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு அடிக்கிறேன்.


தாழ்வாரம்:

நல்ல முடிவு. மழை பெய்யும்போது வண்டியின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு தடவை, உயர்த்தி ஒரு தடவை பாருங்கள், தண்ணீர் ஓடுகிற பக்கம் மாறும். வலது மூலைப் பட்டையிலும் முதல் இரண்டு ஸ்க்ரூவை மட்டும் கழற்றிப் பார்த்துவிடுங்கள், வயது இரண்டுக்கும் ஒன்றுதான்.


சன்னலோரம்:

கழற்றினேன். முதல் ஸ்க்ரூ சுத்தம். இரண்டாவதின் கழுத்தில் துரு ஆரம்பித்திருக்கிறது, துளையில் மானி 18. நாளைக்கு அந்தப் பக்கத்துப் பட்டையையும் கழற்றுகிறேன்.